படம் தெளிவில்லையா? புது லென்ஸ் வாங்க முன் இவற்றைச் செய்து பாருங்கள்

கமரா கைக்கு வந்து ஓரிரு மாதம் போனதும் அநேகமாக எல்லோரும் கேட்பது இதைத்தான்: "அண்ணை, படம் தெளிவா வருதில்லை. லென்ஸ் பழுதாப் போச்சோ?" வெளிநாட்டில் இருக்கும் மாமா அனுப்பிவிட்ட பாவித்த டிஎஸ்எல்ஆராக (உள்ளே ஆடி வைத்து, கண்துளையால் பார்த்து எடுக்கும் கமரா) இருக்கும், இல்லாவிட்டால் கொழும்பில் தேடி வாங்கிய பழைய கமராவாக இருக்கும். வன்னியில் கலியாண வீடு, சாமத்திய வீடு, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று படமெடுத்து உழைக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு ஒரு லென்ஸின் விலை சின்னக் காசு இல்லை. கடன்பட்டுப் புது லென்ஸ் போட்ட பிறகும் அதே மங்கல் வந்தால் தொழிலையே விட்டுவிடலாம் போலிருக்கும். அப்படி ஒரு பிள்ளையும் காசைக் கரைத்துவிட்டு நிற்கக் கூடாது.

படம் கெடுவதற்கு லென்ஸின் பழுது காரணமாக இருப்பது குறைவு. கை ஆட்டம், தவறிய ஃபோகஸ், வெயிலில் எழும் கானல், முன்கண்ணாடியில் படிந்த தூசி, நேற்றிரவு மாற்றிவிட்டு அப்படியே விட்ட ஒரு செட்டிங், இவைதான் முன்னுக்கு நிற்கும் காரணங்கள். எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. லென்ஸையும் மாற்றி, செட்டிங்கையும் மாற்றி, இடத்தையும் மாற்றினால் படம் திருந்தினாலும் எதனால் திருந்தியது என்று தெரியாது. அடுத்த கலியாண வீட்டில் அதே சிக்கல் திரும்ப வரும்.

முதலில் மூலப் படத்தைப் பாருங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து லென்ஸை எடைபோட வேண்டாம். 24 மெகாபிக்சல் கமராவின் படம் 6000க்கு 4000 புள்ளிகள் கொண்டது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதன் பெரும்பகுதி சுருங்கிப் போய்விடும். மெமரி காட்டில் உள்ள கோப்பை அப்படியே கணினியில் ஏற்றி, நூறு வீத அளவில் திறந்து பாருங்கள். கமராவின் பின்திரையில் பார்த்தும் முடிவெடுக்க வேண்டாம். அந்தச் சின்னத் திரையில் எந்தப் படமும் கூராகத்தான் தெரியும்.

நூறு வீதத்தில் பார்க்கும்போது கொஞ்சம் மென்மையாகத் தெரிவது இயல்பு. ஏ4 அளவில் நல்ல தரமான பிரதி எடுக்க ஏறக்குறைய 9 மெகாபிக்சல் போதும். ஆகவே அல்பத்துக்குப் போகும் படத்தை அல்ப அளவில் பார்த்து முடிவெடுங்கள். கண் இமை நூறு வீதத்தில் எண்ணக்கூடியதாக இல்லை என்பதற்காக லென்ஸைத் தூக்கியெறிய வேண்டியதில்லை.

அதோடு, ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எடுக்கப்பட்ட விபரம் பதிந்திருக்கும். கமராவில் தகவல் பொத்தானை அமத்தினால் ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்), அப்பச்சர் (லென்ஸின் துளை; எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) மூன்றும் தெரியும். கெட்ட படத்தின் இந்த மூன்று எண்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும். 1/30 செக்கன் என்று பார்த்தவுடனே கை ஆட்டத்தைச் சந்தேகிக்கலாம். எஃப் 22 என்று இருந்தால் துளை மிகச் சிறுத்து ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுக்க மென்மையாகியிருக்கும். ஐஎஸ்ஓ 12800 என்றால் கோயில் திருவிழாவில் போட்டதை மாற்றாமல் பகலிலும் எடுத்திருக்கிறீர்கள். படத்தின் அளவும் தரமும் சிறிது என்று மாறிக் கிடக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

ஒரு சாட்சிப் படம்

எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள சோதனை வேறில்லை. உங்கள் கமராவும் லென்ஸும் நல்ல நிலைமையில் எவ்வளவு தெளிவைத் தரும் என்பதற்கு ஒரு சாட்சி எடுத்து வைக்க வேண்டும்.

காலை ஏழு மணியளவில், வெயில் ஏற முன், நிழலில் உள்ள ஒரு சுவரைத் தேர்ந்தெடுங்கள். பூசாத சீமெந்துக் கல் சுவர் நல்லது. கிடுகு வேலியும் நல்லது. சுவர் வெறுமையாக இருந்தால் பத்திரிகைத் தாள்களை நடுவிலும் நான்கு மூலையிலும் ஒட்டுங்கள். மூன்று நான்கு மீற்றர் தள்ளி, கமராவை ட்ரைபொட்டில் வையுங்கள். ட்ரைபொட் இல்லையென்றால் மேசைமேல் மணல் நிரப்பிய துணிப்பையை வைத்து அதன்மேல் கமராவைப் பதித்து வைக்கலாம். கமரா சுவருக்கு நேர்க்குநேராக இருக்கட்டும்.

லென்ஸின் முன் போட்டிருக்கும் ஃபில்டரைக் கழற்றுங்கள். அதிர்வுத் தடுப்பை நிறுத்துங்கள். அப்பச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 100. டிஎஸ்எல்ஆர் என்றால் கண்துளையால் பார்க்காமல் பின்திரையில் காட்சியை வரவழைத்து, அதைப் பெருப்பித்து ஃபோகஸ் பண்ணுங்கள். இரண்டு செக்கன் டைமரைப் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

அந்தப் படம் நடுவிலிருந்து ஓரம் வரை தெளிவாக இருந்தால், உங்கள் கமராவும் சரி, லென்ஸும் சரி. பிழை எடுக்கும் முறையிலோ எடுக்கும் சூழலிலோ இருக்கிறது. தெளிவில்லை என்றால் மட்டும் பொருளைச் சந்தேகியுங்கள். நல்லதோ கெட்டதோ, இந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள்; பிறகு தேவைப்படும்.

மங்கல் என்ன வகை?

"படம் மங்கல்" என்று மூன்று வேறு சிக்கலுக்கும் ஒரே பெயர் சொல்கிறோம். அவற்றைப் பிரித்துப் பார்க்க, படத்தில் ஒரு சின்ன ஒளிப்புள்ளியைத் தேடுங்கள். மணமகளின் மூக்குத்தியில் பளிச்சிடும் புள்ளி போதும். நூறு வீதத்துக்குப் பெருப்பித்துப் பாருங்கள்.

அந்தப் புள்ளி ஒரு பக்கமாக இழுபட்டுச் சின்னக் கோடாகி, பின்னால் உள்ள விளக்குகளும் அதே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. புள்ளி உருண்டையாக விரிந்து, அவவின் தோளோ பின்னால் உள்ள மணவறைத் துணியோ கூராக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. மூக்குத்தி கூர்ப்புள்ளியாகவே இருந்து, மாலை போடும் கை மட்டும் கரைந்திருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். மூன்றுக்கும் மருந்து வேறு.

கை ஆட்டத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. லென்ஸின் குவியத்தூரம் எத்தனை மில்லிமீற்றரோ, ஷட்டர் 1இன் கீழ் அந்த எண்ணைவிட வேகமாக இருக்க வேண்டும். தொடக்கநிலைக் கமராக்களின் சென்சர் (ஒளியைப் பதியும் தகடு) சிறியது. ஆகவே நிக்கோன், சோனியில் 1.5ஆலும் கனொனில் 1.6ஆலும் பெருக்குங்கள். 50 மி.மீ. என்றால் 1/80, 300 மி.மீ. என்றால் 1/500. அதிர்வுத் தடுப்பு உள்ள லென்ஸில் இதைவிட மெதுவாகவும் எடுக்கலாம். ஆனால் அது உங்கள் கையைத்தான் பிடிக்கும், ஓடுகிற பிள்ளையைப் பிடிக்காது. அசைகிற ஆட்களுக்கு ஷட்டரைத்தான் கூட்ட வேண்டும்: நின்று கதைப்பவர்களுக்கு 1/125, நடப்பவர்களுக்கு 1/250, விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டத்துக்கு 1/1000, பறக்கிற கொக்குக்கு 1/2000. இதனால் ஐஎஸ்ஓ ஏறிப் படத்தில் மணல்போலப் புள்ளி விழுந்தாலும் விழட்டும். புள்ளி விழுந்த படத்தை ஓரளவு திருத்தலாம், கரைந்த படத்தைத் திருத்தவே முடியாது.

கானல்

வெளியூர்க்காரர் எழுதும் வழிகாட்டிகளில் இதற்கு ஒரு வரி இருந்தால் பெரிது. வன்னியிலோ நீண்ட லென்ஸோடு போகிறவர்கள் ஏமாறும் முதலிடம் இதுதான்.

மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில் மதியம் பன்னிரண்டு மணிக்கு நின்று, தூரத்தில் வரும் பஸ்ஸைப் பாருங்கள். பஸ்ஸின் சில்லு தண்ணீரில் மிதப்பது போல நெளியும். தார் சூடேறித் தன்மேல் உள்ள காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழ, குளிர்ந்த காற்று கீழிறங்குகிறது. இரண்டுக்குள்ளாலும் வரும் ஒளி ஒவ்வொரு கணமும் வேறுவேறு அளவில் வளைகிறது. கண்ணுக்கு நெளிவு தெரியாத இடத்திலும் 300 மி.மீ. லென்ஸுக்குத் தெரியும். இரணைமடுக் குளக்கட்டின் கற்கள், அரிவு வெட்டி முடிந்து காய்ந்த வயல், சுண்டிக்குளத்துப் பக்கத்து வெளிகள் எல்லாம் வெயிலேறியதும் இப்படித்தான். சுண்டிக்குளத்தில் பூநாரைக் கூட்டத்தை மதியம் எடுத்துவிட்டு, இறகு ஒன்றும் தெரியவில்லை, லென்ஸ் கூடாது என்று விற்கப் போகிறவர்களைத் தடுத்து நிறுத்தத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கானல்தான் என்று உறுதிசெய்வது சுலபம். அதே இடத்தில் நின்று, அதே செட்டிங்கில், பத்து மீற்றருக்குள் உள்ள ஒரு வேலிக் கட்டையை எடுங்கள். பிறகு தூரத்துப் பறவையைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். கட்டை கூராக வந்து, பறவையின் பத்துப் படங்களும் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக, ஒன்றில் கழுத்து நெளிந்தும் இன்னொன்றில் கொஞ்சம் தெளிந்தும் இருந்தால் அது கானல். லென்ஸ் பழுதென்றால் பத்தும் ஒரே மாதிரித்தான் கெட்டிருக்கும்.

இதற்கு எந்த விலையுயர்ந்த லென்ஸும் மருந்தில்லை. ஷட்டரைக் கூட்டினாலும் வளைந்த ஒளி வளைந்தபடியே உறையும். செய்யக்கூடியது, விடிந்து எட்டு மணிக்குள் எடுப்பது, மழை பெய்து மந்தாரமான நாளைத் தேர்வது, கிட்டப் போவது. நிலத்தோடு படுத்திருந்து எடுப்பது அழகுதான். ஆனால் வெயிலேறிய பிறகு அங்கேதான் நெளிவு கூட. எழுந்து நின்றோ, குளக்கட்டில் ஏறியோ எடுத்தால் குறையும். வாகனத்துக்குள் ஏசி போட்டுக்கொண்டு கண்ணாடியை இறக்கி எடுத்தாலும் உள்காற்றும் வெளிக்காற்றும் கலந்து இதே வேலையைச் செய்யும். எஞ்சினையும் ஏசியையும் நிறுத்திக் கொஞ்சம் பொறுத்து எடுங்கள்.

ஃபோகஸ் எங்கே விழுகிறது?

கமராவின் தானியங்கி ஃபோகஸில் எல்லாப் ஃபோகஸ் புள்ளிகளையும் திறந்தபடி விட்டால், அது பெரும்பாலும் கிட்டே இருப்பதைப் பிடிக்கும். வயலில் நிற்கும் ஐயாவை எடுக்கப் போனால் முன்னுக்கு நீட்டும் நெற்கதிரைப் பிடிக்கும். திருவிழாவில் சுவாமியை எடுக்கப் போனால் முன்னுக்கு நிற்பவரின் தலையைப் பிடிக்கும். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து, அதை ஆளின் கண்ணில் வையுங்கள். புதிய மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கமராவில் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, ஒருமுறை பிடித்து நிறுத்தும் முறையா, தொடர்ந்து பின்செல்லும் முறையா என்பது. அசையாமல் இருப்பவர்களுக்கு முதலாவது. காவடி ஆடிக்கொண்டு உங்களை நோக்கி வருபவருக்கு இரண்டாவது. கனொனில் அதன் பெயர் ஏஐ சேர்வோ, மற்றக் கமராக்களில் பெரும்பாலும் ஏஎஃப்-சி. முதலாவதில் வைத்துக்கொண்டு காவடியை எடுத்தால், நீங்கள் அமத்துவதற்குள் அவர் ஒரு முழம் முன்னுக்கு வந்துவிடுவார்.

50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை ஆசையோடு வாங்குபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். சிறிய சென்சர் கமராவில், ஒன்றரை மீற்றர் தூரத்தில், எஃப் 1.8இல் தெளிவாக வரும் ஆழம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர்தான். மணமகளின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அவவுக்கு அரையடி பின்னால் நிற்கும் மாப்பிள்ளை மங்குவார். அது லென்ஸின் குணம். இரண்டு பேர் என்றால் எஃப் 4, குடும்பமாக இரண்டு வரிசை என்றால் எஃப் 8.

இதையெல்லாம் சரிசெய்தும் ஃபோகஸ் எப்போதும் கொஞ்சம் முன்னுக்கோ கொஞ்சம் பின்னுக்கோ விழுகிறதா? பெரும்பாலும் டிஎஸ்எல்ஆரில் வரும் பழுது இது. ட்ரைபொட்டில் வைத்து ஒரே பொருளை, ஒருமுறை கண்துளையால் பார்த்து ஃபோகஸ் பண்ணியும், ஒருமுறை பின்திரையில் பார்த்து ஃபோகஸ் பண்ணியும் எடுங்கள். பின்திரைப் படம் கூராகவும் கண்துளைப் படம் எப்போதும் மங்கலாகவும் வந்தால், லென்ஸ் நல்லது, கமராவின் ஃபோகஸ் பொறிமுறை கொஞ்சம் விலகியிருக்கிறது. நடுத்தர, உயர்தரக் கமராக்களில் அதை மெனுவிலேயே நுணுக்கமாகத் திருத்தலாம். தொடக்கநிலையில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. திருத்துமிடத்தில் செய்விக்க வேண்டும். மிரர்லெஸ்ஸில் சென்சரே ஃபோகஸையும் பார்ப்பதால் இந்தத் தலையிடி வருவது அருமை.

படம் நன்றாக வந்து கண்துளையில் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கண்துளைக்குப் பக்கத்தில் உள்ள சின்னச் சில்லை, உள்ளே தெரியும் எழுத்துகள் கூராகும் வரை திருப்புங்கள்.

பால் ஊற்றியதுபோல் வெளிறிய படம்

கோடுகள் ஓரளவு கூர்தான், ஆனால் கறுப்பு கறுப்பாக இல்லை, நிறம் எல்லாம் வெளிறிக் கிடக்கிறது என்றால் கண்ணாடியைப் பாருங்கள். முதலில் ஃபில்டர். மலிவான ஃபில்டர் ஒன்று நல்ல லென்ஸையும் கெடுக்கும். இரவில் மின்குமிழ்களின் நிழல்விம்பம் படத்தில் தலைகீழாக மிதந்தால் அதைக் கழற்றிவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். பிறகு முன்கண்ணாடி. முல்லைத்தீவுக் கடற்கரையில் காற்றுப் பலமான நாளில் சிறிது நேரம் நின்றாலே உப்பு படலமாகப் படிந்துவிடும். அதை உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது; உப்போடு ஒட்டிய மணல் கண்ணாடியைக் கீறும். முதலில் ரப்பர் பந்தால் காற்று ஊதி மணலைப் போக்குங்கள். கடையில் புளோவர் என்று கேட்டால் தருவார்கள். பிறகு லென்ஸ் துடைக்கும் திரவத்தைத் துணியில் இரண்டு துளி விட்டு, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள். திரவத்தை நேரே கண்ணாடியில் விட வேண்டாம், ஓரத்தால் உள்ளே இறங்கிவிடும்.

வெயிலை எதிர்நோக்கி எடுத்தாலும் இதே வெளிறல் வரும். லென்ஸோடு வரும் வெயில் மறைப்பை (ஹூட்) போடுங்கள். அதுவும் இல்லையென்றால் கையால் நிழல் பிடியுங்கள்.

இவை எதுவுமில்லை என்றால் பங்கஸ் (பூஞ்சணம்). ஐப்பசி தொடங்கித் தை வரை, வாடைக்காற்றும் மழையுமாக வீட்டுக்குள் துணிகூடக் காயாத காலத்தில், அலுமாரியில் தோற்பைக்குள் பூட்டி வைத்த லென்ஸுக்குள் அது வளரும். ஈரப்பதம் 60 வீதத்துக்கு மேல் நாட்கணக்காக நின்று, இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் போதும்.

பார்க்கும் விதம்: லென்ஸைக் கமராவிலிருந்து கழற்றி, அப்பச்சரை முழுதாகத் திறந்து, இருட்டறையில் பின்பக்கத்திலிருந்து டோர்ச் லைட்டைச் சரிவாக அடியுங்கள். முன்பக்கத்தால் பாருங்கள். தூசி என்றால் தனித்தனிப் புள்ளியாக மின்னும். இரண்டு மூன்று தூசி எந்த லென்ஸுக்குள்ளும் இருக்கும், படத்தில் தெரியாது. பங்கஸ் என்றால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய இழைகள் கிளைவிட்டுப் போயிருக்கும். தொடக்கத்தில் படத்தில் ஒன்றும் தெரியாது. கூடக்கூட ஒளியைச் சுற்றி மூட்டம் கட்டும். விட்டுவைத்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. கண்டவுடன் திருத்துமிடம் கொண்டுபோங்கள். வீட்டில் ஸ்க்ரூ கழற்ற வேண்டாம். உள்கண்ணாடிகளைத் திரும்ப அதே இடத்தில் நேராக இருத்துவது எங்களால் முடிகிற வேலை இல்லை.

வராமல் காப்பது சுலபமும் மலிவும். காற்றுப் புகாத, ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று. உள்ளே 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நல்லது. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும், சமையலுக்குப் பாவிக்காத பழைய தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்து ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். சிலர் அரிசிக்குள் வைப்பார்கள். அரிசி மாவும் தூசியும் லென்ஸுக்குள் போவதைத் தவிர அதில் பலன் இல்லை. எல்லாவற்றையும்விட நல்லது, கிழமைக்கு ஒருமுறையாவது கமராவை எடுத்துப் பாவிப்பது.

ஏசி ஹோலிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் மூசிப் பனித்தால் அது பழுது இல்லை. துடைத்துத் துடைத்து எடுக்காதீர்கள். வெளியே வர முன் கமராவைப் பைக்குள் வைத்துப் பூட்டி, வெளியே வந்து அரை மணித்தியாலம் போனபின் திறந்தால் பனிக்காது.

வானத்தில் கரும்புள்ளிகள்

ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் மங்கலான கரும்புள்ளி நின்றால் தூசி சென்சரில் இருக்கிறது. உறுதிசெய்ய, ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெறும் வானத்தை எடுங்கள். எஃப் 16இல் தெளிவாகத் தெரியும் புள்ளி எஃப் 2.8இல் மறைந்துவிடும். லென்ஸை மாற்றியும் அதே இடத்தில் நின்றால் சந்தேகமே இல்லை. சென்சரில் காட்சி தலைகீழாக விழுவதால், படத்தின் மேலே தெரியும் புள்ளி, முன்னாலிருந்து பார்க்கும்போது சென்சரின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும்.

பற்றரியை நிறைத்து, மெனுவில் சென்சர் துப்புரவு முறையைத் தேர்ந்து, கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துப் புளோவரால் ஊதுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறித்தால் தூசியைவிடப் பெரிய வேலை. கம்பிரசர் காற்றும் வேண்டாம். ஊதியும் போகாத தூசிக்கு, உங்கள் சென்சர் அளவுக்கென்றே விற்கும் துடைப்பான் உண்டு. கை நடுங்குபவர்கள் அதை அனுபவசாலியிடம் விடுவது நல்லது.

தூசி எங்கே ஏறுகிறது என்று யோசித்தால் பாதி வேலை மிச்சம். காலபோக அறுவடையில் வெட்டு மிசின் ஓடும் வயலில், நெற்சுணை காற்றோடு பறக்கும்போது லென்ஸை மாற்றாதீர்கள். கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும்போது கமராப் பையைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டுங்கள். வயலுக்குப் போக முன்பே எந்த லென்ஸ் என்று முடிவெடுத்துப் போட்டுக்கொண்டு போங்கள்.

இரவுத் திருவிழாக்கள்

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனாலும் மடுத் திருவிழாவுக்குப் போனாலும் இரண்டு முறைப்பாடு வரும்: படம் முழுக்கப் புள்ளி, இல்லாவிட்டால் குறுக்கே இருட்டுப் பட்டை.

புள்ளிக்குக் காரணம் வெளிச்சக் குறைவு. ஐஎஸ்ஓவைக் கூட்டப் பயந்து இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சமாக்குவதால் புள்ளி இன்னும் கூடும். எடுக்கும்போதே சரியான வெளிச்சத்தில் எடுங்கள். கமராவோடு வரும் 18-55 லென்ஸ் 55 முனையில் எஃப் 5.6 மட்டுமே திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். காசு சேர்த்து ஒரு லென்ஸ் வாங்கலாம் என்று நான் மனமாரச் சொல்வது இந்த ஒன்றுக்குத்தான்.

பட்டைக்குக் காரணம் எல்ஈடி விளக்கு. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு செக்கனுக்கு 100 தடவை மின்னுகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் பட்டை மறையும். கமராவில் மினுக்கத் தடுப்பு இருந்தால் போடுங்கள். ஓசையில்லாத இலத்திரனியல் ஷட்டரை நிறுத்துங்கள், பட்டையைக் கூட்டுவது அதுதான். ஜெனறேற்றரில் ஓடும் அலங்கார விளக்குகளுக்கு இந்தக் கணக்குக் கொஞ்சம் விலகும்; அந்த இடத்திலேயே ஷட்டரைச் சற்று ஏற்றியிறக்கி, பட்டை இல்லாத இடத்தைப் பிடிக்க வேண்டும்.

பகலில் வெள்ளைச் சீருடையில் நிற்கும் பிள்ளைகளின் உடை விபரமின்றி வெளுத்து முகம் இருண்டால், அதற்கும் லென்ஸுக்கும் தொடர்பில்லை. மர நிழலுக்குள் கூப்பிடுங்கள். ரோ முறையில் (சென்சரில் பதிந்ததை அப்படியே சேமிக்கும் முறை) எடுத்தால் பிறகு திருத்தவும் கொஞ்சம் இடமிருக்கும். படத்தின் பாதி சாம்பல் நிறமாகவோ வரிவரியாகவோ வந்தால் மெமரி காட்டைப் பாருங்கள். அதில் மேலும் படம் எடுக்காமல் உடனே கழற்றினால் மிச்சத்தை மீட்க வாய்ப்புண்டு.

ஒரு பக்கம் மட்டும் மங்கினால்

லென்ஸ் விழுந்தெழும்பிய பிறகு வரும் சிக்கல் இது. சாட்சிப் படம் எடுத்த அதே சுவரை, லென்ஸை முழுதாகத் திறந்த அப்பச்சரில் எடுங்கள். சுவரின் வலப்பக்கம் மங்கலாக வந்தது என்று வையுங்கள். இப்போது கமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே சுவரைத் திரும்ப எடுங்கள். மங்கல் சுவரின் இடப்பக்கத்துக்கு மாறினால், லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி சரிந்திருக்கிறது. மங்கல் வலப்பக்கத்திலேயே நின்றால் நீங்கள் சுவருக்குச் சரிவாக நின்றிருக்கிறீர்கள். நான்கு மூலையும் ஒரே அளவாக மென்மையாக இருந்தால் அது மலிவு லென்ஸின் இயல்பு. எஃப் 8இல் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது, காசு கொடுக்க முன் இந்தச் சோதனையையும் டோர்ச் சோதனையையும் விற்பவர் முன்னிலையிலேயே செய்யுங்கள். ஒழுங்கான விற்பனையாளர் கோபப்பட மாட்டார்.

திருத்தக் கொடுக்கும்போது

"படம் சரியில்லை" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், எங்கே பார்ப்பது என்று அவர்களுக்கும் தெரியாது. சாட்சிப் படம், கெட்ட படம் இரண்டு, எப்போதிருந்து, எந்த அப்பச்சரில், எந்தப் பக்கம் என்று எழுதிய ஒரு தாள், இவற்றோடு கொடுங்கள். லென்ஸையும் கமராவையும் சேர்த்தே கொடுங்கள். தொடர் இலக்கத்தைப் படமெடுத்து வைத்திருங்கள். திரும்ப வந்ததும் கடையை விட்டு இறங்க முன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

திறக்க முன் செலவைக் கேளுங்கள். கமராவோடு வரும் 18-55 போன்ற லென்ஸ்களுக்குத் திருத்தக் கூலி, அதே லென்ஸைப் பாவித்ததாக வாங்கும் விலையைத் தாண்டிவிடுவதுண்டு. அப்படியானால் திருத்த வேண்டாம். எஃப் 2.8 ஸூம், நீண்ட டெலி லென்ஸ் போன்றவற்றுக்குப் பங்கஸ் துடைப்பதும் சரிந்த கண்ணாடியை நேராக்குவதும் கொடுக்கிற காசுக்குப் பெறுமதி.